மிதந்து வந்தவளுக்குப் போன சட்டை

பிக்-ஹா தன் கணவனுக்குத் தைத்துக்கொடுத்த முதல் சட்டை அவன் உடம்பில் பதினோரு மாதம்தான் இருந்தது. பிறகு அது இன்னொருத்தியின் முகத்தை மூடப் போய்விட்டது. அந்த இன்னொருத்தி அப்போது பிணமாகக் கிடந்தாள் என்பதை பிக்-ஹா ஒரு சமாதானமாக ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. செத்தவளுக்கு எதற்குப் புதுச் சட்டை என்று அன்றைக்குக் கேட்டவள், முப்பத்துமூன்று வருஷம் கழித்தும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடந்தது 1962 இல். தைவானின் மேற்குக் கரையில் இருக்கும் ஆவ்-காங், சிப்பி வளர்த்துப் பிழைக்கிற ஊர். சிப்பி இல்லாத நாட்களில் ஆண்கள் மூங்கில் தெப்பத்தில் வலை போடப் போவார்கள். பிக்-ஹாவின் கணவன் டெங்-சாய் அப்படிப் போன ஒரு பனிமூட்டக் காலையில் வலை கனத்தது. இழுத்துப் பார்த்தால் ஒரு பெண்.

கடலில் பிணத்தைப் பார்த்தவன் அதை விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். தெப்பத்தின் இடப்பக்கமாக ஏற்ற வேண்டும், முகத்தை மூட வேண்டும், அதனோடு பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். டெங்-சாய் மூன்றையும் ஒழுங்காகச் செய்தான். கரைக்கு வந்ததும் மனைவியிடம் அதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லவும் செய்தான். தப்பு அங்கேதான்.

"ஏம்மா, வழி தெரியாம வந்துட்ட போல. என்கூட வா. நான் உனக்கு மண்ணு குடுக்கிறேன், நீ எனக்கு மீனு குடு. இப்படித்தான் சொன்னேன்" என்றான்.

பிக்-ஹாவுக்கு மண்ணும் மீனும் காதில் விழவில்லை. 'என்கூட வா' மட்டும் விழுந்தது. அவர்களுடையது தரகர் பேசி முடித்த கல்யாணம். கல்யாணத்தன்று அவன் அவளிடம் பேசிய ஒரே வார்த்தை, மழை வரும்போல இருக்கிறது என்பதுதான். வா என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. கொண்டுவந்து விட்டார்கள், அவ்வளவுதான்.

பிணத்தைக் குளிப்பாட்ட ஊர்ப் பெண்கள் யாரும் முன்வரவில்லை. கொண்டுவந்தவன் மனைவிதான் செய்ய வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். உப்புக் கொட்டகைக்குப் பின்னால் பனைநார்ப் பாயை மறைவாகக் கட்டி, பிக்-ஹா தனியாக உட்கார்ந்து அவளைக் கழுவினாள். பத்தொன்பது இருபது வயசுதான் இருக்கும். காது குத்தியிருந்தது, தோடு இல்லை. இடப்பக்க முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. கூந்தல் முழுக்க மணல். அதை வாரி எடுக்க ஒரு காலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. பிணத்துக்கு வாரிய சீப்பைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆக, சட்டையோடு பிக்-ஹாவின் பிறந்த வீட்டுச் சீப்பும் அந்தக் குழிக்குள் போனது.

அன்றைக்கு அவளுக்கு அந்தப் பெண்மேல் இரக்கம்தான் இருந்தது. பொறாமை வந்தது ஒன்பது நாள் கழித்து, வலை நிறைய கானாங்கெளுத்தியோடு.

அந்த வருஷம் ஆவ்-காங்கில் வேறு யாருக்கும் அவ்வளவு மீன் கிடைக்கவில்லை. டெங்-சாய் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற ஆள். புதைத்த இடத்தில் ஒரு கல்லை நட்டான். காலையில் கடலுக்குப் போகும்முன் அங்கே ஊதுபத்தி, திரும்பி வந்ததும் அங்கே ஊதுபத்தி, அதற்கப்புறம்தான் வீடு. முதல் மீன் அவளுக்கு. சந்தைக்குப் போனவன் ஒருநாள் முகப்பவுடர் டப்பாவும் கைக்கண்ணாடியும் வாங்கி வந்தான். பிக்-ஹா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கக் கை நீட்டினாள். அவன், "இது அங்க வைக்கிறதுக்கு" என்றான். வீட்டுக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அதில் பிக்-ஹாவுக்கு மூக்கு இரண்டாகத் தெரியும்.

ஊரில் முதலில் அதற்குப் பெயர் கிடையாது. 'அந்தக் கல்லு' என்றார்கள். மற்றத் தெப்பக்காரர்களும் ஊதுபத்தி வைக்கத் தொடங்கிய பிறகு 'மிதந்து வந்தவ' என்றார்கள். சிப்பிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து ஓடு உடைக்கும் பெண்கள் மட்டும் வேறு பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் வாய் நீளமானவள் ஆ-குய். காலையில் பிக்-ஹா வந்து உட்கார்ந்ததும் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்பாள்: "என்னடி, உன் மூத்தவ எப்படி இருக்கா? பவுடர் எல்லாம் சேருதாமா?"

அன்றைக்கு பிக்-ஹா உடைக்கிற ஓடுகள் மட்டும் தூள் தூளாகும்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கேலி நிஜமாகப் பார்த்தது. ஊரில் பன்றிக்கறி விற்கும் போ-தாங் என்பவனுக்குச் சாமி வரும். ஆவிகளுக்கான ஏழாம் மாதப் படையலின்போது அவனுக்கு வந்தது வழக்கமான சாமி இல்லை. குரல் பெண் குரலாகி, அழுகையாகி, எனக்கு வீடு இல்லை என்றது. கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பூசை மேடையில் இடம் கிடையாது. புருஷன் வீட்டு மேடைதான் அவளுக்கு இடம். அதனால் அப்படிச் செத்தவளின் ஆவி தங்கும் பெயர்ப்பலகையை உயிரோடு இருக்கிற ஒருவனுக்குக் கட்டிவைப்பது அங்கே வழக்கம். கட்டிவைத்தால் செத்தவள்தான் மூத்த தாரம். உயிரோடு இருப்பவள் அவளை அக்கா என்று கூப்பிட்டு, முதல் கிண்ணத்தை அவளுக்கு வைக்க வேண்டும்.

யார் வீட்டுக்கு வர வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டார்கள். பெண் குரலில் போ-தாங் சொன்னான்: "என் முகத்தை மூடினவர் வீட்டுக்கு."

எல்லோரும் டெங்-சாயைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. பிக்-ஹா அதைத்தான் கடைசிவரை மறக்கவில்லை. யாரோ ஒருவர் சிவப்புத் துணிகூட எடுத்துவந்துவிட்டார்.

அப்போது இருபத்துநான்கு வயசுப் பிக்-ஹா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவளுக்கு வீடுதானே வேணும்? கட்டிக் குடுங்க. தனி வீடா கட்டிக் குடுங்க. என் வீட்டுப் படிய அவ மிதிச்சா, நான் போயி அதே கடல்ல விழுவேன். அப்புறம் இவரு ரெண்டு பேருக்கும் பவுடர் வாங்கிட்டுத் திரியட்டும்."

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் முறைப்படி கேட்டாக வேண்டும் என்று பிறைக்கட்டைகளை எடுத்தார்கள். மூங்கில் வேரில் செதுக்கிய இரண்டு பிறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் முதுகு. போட்டால் ஒன்று தட்டையாகவும் ஒன்று முதுகாகவும் விழுந்தால் ஆம். இரண்டும் முதுகு காட்டினால் இல்லை. இரண்டும் தட்டையாக மல்லாந்தால் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம். மூன்று முறை தொடர்ந்து ஒரே பதில் வந்தால்தான் முடிவு. தனி வீடு போதுமா என்று கேட்டார்கள். ஆம், ஆம், ஆம்.

கல் நட்டிருந்த அதே இடத்தில், இடுப்பு உயரத்துக்கு மூன்று சுவரும் ஒரு கூரையும் வைத்து அந்த வீடு எழும்பியது. பேய்க்குக் கட்டும் வீட்டுக்குக் கதவு வைப்பதில்லை. நான்காவது பக்கம் திறந்தே இருந்தது. அதற்கு முதல் நாற்பது செங்கல்லைச் சுமந்தவள் பிக்-ஹா. அவ்வளவு அவசரம் அவளுக்கு, மிதந்து வந்தவளை அங்கே குடிவைத்துவிட வேண்டும் என்று. பின்னாளில் கோயில் பெரிதானபோது கல்வெட்டில் எழுதினார்கள்: 'கணவரின் பக்திக்குத் தோள் கொடுத்த மனைவியார் தம் கையால் செங்கல் சுமந்தார்.' பிக்-ஹா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, காறித் துப்ப இடம் தேடினாள். கோயில் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். கல்யாணமாகி நான்கு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்தவன். உடனே ஊர் முழுக்க, மிதந்து வந்தவள் கொடுத்த பிள்ளை என்று பேச்சாகிவிட்டது. டெங்-சாய் மகனுக்கு ஹாய்-ஸு என்று பெயர் வைத்தான். கடல் தந்தது என்று பொருள். இரண்டு நாள் இடுப்பு வலி தின்றவள் கட்டிலில் கிடந்தபடி அதைக் கேட்டாள். "வலிச்சது எனக்கு, குடுத்தது அவளா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

இருபது வருஷம் இப்படியே ஓடியது. மிதந்து வந்தவள் சின்ன ஊரின் சின்ன ஆவியாக இருந்திருந்தால் பிக்-ஹாவும் ஒருவேளை அவளோடு பழகியிருப்பாள். ஆனால் எண்பதுகளின் நடுவில் நாடு முழுக்க எண் பிடித்துச் சூதாடும் பைத்தியம் கிளம்பியது. பெரிய கோயில் சாமிகள் எண் சொல்வதில்லை; பேய்கள் சொல்லும் என்றொரு நம்பிக்கை. ஆவ்-காங்குக்கு லாரியிலும் ஸ்கூட்டரிலும் ஆட்கள் வந்தார்கள். சாம்பலைத் தட்டில் பரப்பி அதில் எண் தேடினார்கள். யாரோ ஒருவனுக்கு எண் விழுந்தது. அவன் கதவு போட்டுக் கொடுத்தான். இன்னொருவனுக்கு விழுந்தது. அவன் கூரையை உயர்த்தி ஓட்டு முகட்டில் பீங்கான் டிராகன் வைத்தான்.

கதவு வந்த பிறகு பேய் என்று சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை. பெயர்ப்பலகை போய் மரச்சிலை வந்தது. கழுத்தில் தங்கத் தகடுகள் தொங்கின. ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்த லிம் பான்-ஹோக் நிர்வாகக் குழுத் தலைவரானார். அவர் சிலையைப் பல்லக்கில் ஏற்றி, கடலோரத்தின் பெரிய அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் தூபச் சட்டியிலிருந்து சாம்பல் வாங்கிவந்து, 'அலைகாக்கும் அருள்நாயகி' என்று பெயரும் சூட்டினார். ஊர்ப் பள்ளி வாத்தியார் வரலாறு எழுதினார். அதன்படி அவள் எதிர்க்கரைச் சீனாவில் ஒரு நல்ல குடும்பத்துப் பெண். கப்பல் கவிழ்ந்தபோது ஏழு பேரைக் கரைசேர்த்துவிட்டு எட்டாவது ஆளுக்காகத் திரும்பிப் போனவள். கவோசியோங் துறைமுகத்தில் வேலைக்குப் போன ஊர்க்காரர்கள் அந்தச் சாம்பலில் ஒரு பிடி கொண்டுபோய் அங்கே ஒரு கிளைக் கோயிலே கட்டிவிட்டார்கள்.

இதில் ஒரு வரிக்குக்கூட பிக்-ஹாவை யாரும் வந்து கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவர்களில் இரண்டே பேர் உயிரோடு இருந்தார்கள், அவளும் அவள் கணவனும். சிலையின் முகம் பௌர்ணமிபோல உருண்டையாக இருந்தது. வாய் மூடியிருந்தது. "பல்லு தெரியாமப் பார்த்துக்கிட்டாங்க" என்று பிக்-ஹா ஆ-குய்யிடம் சொன்னாள். எந்தப் பல் என்று ஆ-குய்க்குப் புரியவில்லை.

கடலுக்குப் போவதை நிறுத்திய டெங்-சாய் அந்தக் கோயிலைப் பெருக்கித் துடைப்பதையே வேலையாக்கிக்கொண்டான். விடிந்ததும் போவான், மத்தியானம் சாப்பிட வருவான், மறுபடி போவான். வீட்டில் விளக்கு மாற்றச் சொன்னால் நாளைக்கு என்பான். 1993 பன்னிரண்டாம் மாதம் ஒரு முற்பகலில், பூச்சாடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான்.

பிக்-ஹா அடுப்பில் சிப்பி சேமியாக் கஞ்சியைப் போட்டுவிட்டு ஓடினாள். வீட்டுக்கு வெளியே போகிற உயிர் அலையும் என்பார்கள். அவள் நான்கு பேரை வைத்து அவனைக் கதவுப் பலகையில் தூக்கி வரச் செய்தாள். வழியெல்லாம், "மூச்சு இருக்கு, மெதுவாப் போங்க, மூச்சு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தாள். தூக்கியவர்கள் தலையாட்டினார்கள். வீட்டு வாசற்படி தாண்டி உள்ளறைக்கு வந்த பிறகுதான், "இப்பப் போயிருச்சு" என்றாள். பலகையைக் கோயிலில் தூக்கும்போதே அவன் கை குளிர்ந்திருந்தது நான்கு பேருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மரியாதையை அவளுக்கு ஊர் கொடுத்தது.

ஒரு வருஷம் முழுதாக அவன் அவளோடு வீட்டில் இருந்தான், அவள் கணக்கில். கூடத்து மேடையில் அவன் பெயர்ப்பலகை. மூன்று வேளையும் கிண்ணத்தில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தாயா என்று வீட்டுப் பிறைக்கட்டையைப் போட்டுக் கேட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். மாமியார் காலத்துக் கட்டைகள் அவை. முதுகைப் புழு அரித்து எடை குறைந்துபோய், தட்டைப் பக்கமே தரையில் படியும். எப்போது போட்டாலும் இரண்டு முதுகு. இல்லை, இல்லை, இன்னும் இல்லை. ஏழு எட்டு முறைக்குப் பிறகுதான் ஓர் ஆம் விழும். வேறு கட்டை வாங்கலாமே என்று ஹாய்-ஸு சொன்னான். அவள் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோது பத்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு எழுந்து கோயிலுக்கு ஓடியவன், இப்போது அரைமணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறான். இதில் மாற்ற என்ன இருக்கிறது?

தலைவர் லிம் ஒரு நாள் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தது அந்த வருஷம் முடிகிற சமயத்தில். டெங்-சாய் அண்ணன் கோயிலிலேயே உயிர்விட்டது சாதாரண விஷயம் இல்லை, நாயகி அவரைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்றுதான் ஊர் நினைக்கிறது என்று ஆரம்பித்தார். குழு கூடிப் பேசியிருக்கிறது. அவருக்கு ஒரு சிலை செய்து நாயகியின் இடப்பக்கம் உட்காரவைக்கப் போகிறார்கள். கற்பூர மரக்கட்டை வந்து இறங்கிவிட்டது. லூகாங்கிலிருந்து சிற்பியும் வந்தாயிற்று.

பிக்-ஹாவுக்கு முதலில் காதில் விழுந்தது ஒன்றுதான். "வீட்லதான் உயிர் போச்சு" என்றாள்.

"ஆமா அண்ணி, ஆமா. வீட்லதான்" என்று லிம் அவசரமாக ஒப்புக்கொண்டார்.

கூட வந்திருந்த சிற்பி இளைஞன். கல்யாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை எப்படிச் செதுக்கட்டும், இந்தப் படத்தில் இறுக்கமாக இருக்கிறாரே என்று கேட்டான். கோயிலில் எல்லோரும் அவர் சிரித்த முகக்காரர் என்கிறார்களாம். பெருக்கும்போது சிரித்துக்கொண்டேதான் பெருக்குவாராம்.

பிக்-ஹா படத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த முகம் வீட்டில் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அன்று மாலை மகனோடு சண்டை. ஹாய்-ஸு லாரி ஓட்டுகிறவன், குழுவில் உறுப்பினன், அப்பாவுக்குச் சிலை என்றதும் பூரித்துப்போயிருந்தான். சிலை அங்கே இருந்தால் என்ன, பலகை இங்கே இருக்கட்டுமே, கவோசியோங்கில் ஒரு நாயகி, இங்கே ஒரு நாயகி இல்லையா, சாமி பிரிந்து பிரிந்து இருக்கும் என்று விளக்கினான்.

"உங்கப்பன் சாமி இல்லடா. ஒரு இடத்துலகூட ஒழுங்கா உக்காரத் தெரியாத ஆளு. அங்க ஊரே ஊதுபத்தி காட்டும், கூத்து நடக்கும், பக்கத்துல அவ இருப்பா. இங்க என் கஞ்சியும் நானும். எங்க போயி உக்காருவாருன்னு நினைக்கிற?"

"நாயகிகிட்ட கேட்டுத்தானேம்மா செய்வாங்க" என்றான் ஹாய்-ஸு.

கேட்கிற நாள் அவள் மிதந்து வந்த நாளாகவே குறிக்கப்பட்டது, மூன்றாம் மாதம் பதினெட்டு. கோயில் முற்றத்தில் வறுத்த பன்றியும் ஆமை வடிவச் சிவப்பு அப்பமும் வரிசையாக மேசைகளில். ஆவ்-காங் முழுவதும் அங்கே இருந்தது; கவோசியோங்கிலிருந்து இரண்டு பஸ். பிக்-ஹா தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்பையில் கைக்குட்டையில் சுற்றி வீட்டுப் பிறைக்கட்டைகளை வைத்திருந்தாள். எப்படியாவது அந்தக் கட்டைகளை உருளவைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். இல்லை என்பதைத் தவிர வேறு பேசத் தெரியாத கட்டைகள் அவை.

லிம் மேலங்கி மாட்டிக்கொண்டு மண்டியிட்டார். முதலில் நாயகியின் முழுப் பட்டத்தையும் சொன்னார், பிறகு வாத்தியார் எழுதிக்கொடுத்த காகிதத்தை வாசித்தார். பக்தர் டெங்-சாயைத் தங்கள் இடப்பக்கம் அமர்த்த அருளுகிறீர்களா? கட்டைகள் விழுந்தன. இரண்டும் மல்லாந்தன. சிரிப்பு. கூட்டமும் கொஞ்சம் சிரித்தது. மறுபடி போட்டார். சிரிப்பு. கேள்வி தெளிவாக இல்லை என்று வாத்தியார் காகிதத்தைத் திருத்தினார். சிரிப்பு. ஏழாவது தடவை லிம்மின் கழுத்தில் வியர்வை ஓடியது. கூட்டம் சிரிப்பதை நிறுத்தியிருந்தது.

ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த போ-தாங், இப்போது எழுபது தாண்டியவன், தொண்டையைச் செருமினான். "ஆளு யாரோட ஆளு? அவரு பொண்டாட்டி கேக்கட்டும்."

பிக்-ஹா முன்னால் வந்தாள். மண்டியிட்டதும் கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"அண்ணி, கோயில் கட்டை இங்க இருக்கே" என்றார் லிம்.

"எனக்கு இதுதான் கைக்குப் பழக்கம்."

"அவ வீட்ல அவ கட்டைதான்" என்றான் போ-தாங். "உள்ள வை."

கைக்குட்டை மறுபடி உள்பைக்குப் போனது. யாரோ கோயில் கட்டைகளை அவள் உள்ளங்கையில் வைத்தார்கள். கனமாக, வழவழப்பாக, எந்தப் பக்கமும் சாயாத புதுக் கட்டைகள். பிக்-ஹா நிமிர்ந்து சிலையைப் பார்த்தாள். தங்கத் தகடுகளுக்கு மேலே அந்த உருண்டை முகம். இவளை பிக்-ஹாவுக்குத் தெரியாது. ஊரே சேர்ந்து செய்துவைத்த யாரோ ஒருத்தி. கணவனை இவளிடம் கேட்டுத் தோற்பதா? கண்ணைத் தாழ்த்தி, சிலைக்கு அடியில் தரையைப் பார்த்தாள். சட்டையும் சீப்பும் கிடக்கும் இடம் அதுதான். அங்கே பார்த்தே பேசினாள்.

"ஏ பொண்ணு, நான் பிக்-ஹா. உனக்குத் தலை வாரிவிட்டவ. முன்பல்லு உடைஞ்சவதானே நீ? உன்னத்தான் கேக்குறேன்."

என்ன பல் என்று லிம் வாத்தியாரிடம் கிசுகிசுப்பது கேட்டது. அவள் நிறுத்தவில்லை.

"அன்னைக்கு அந்த ஆளு உன்னை என்கூட வான்னு கூப்பிட்டாரு. நீயும் வந்துட்ட. என் சட்டைய எடுத்துக்கிட்ட, என் சீப்ப எடுத்துக்கிட்ட, பகல் பூரா அவரை எடுத்துக்கிட்ட. இப்ப இவங்க மிச்சத்தையும் தூக்கி உன் பக்கத்துல வைக்கிறேங்கிறாங்க. சுத்தி வளைக்காமச் சொல்லு. உனக்கு அவரு வேணுமா?"

கட்டைகள் கல்தரையில் துள்ளி விழுந்தன. இரண்டு முதுகு.

எடுத்து மறுபடி போட்டாள். இரண்டு முதுகு. மூன்றாவது முறை ஒரு கட்டை உருண்டு மேசைக்கால் வரை போய், கொஞ்சம் ஆடி, கவிழ்ந்தது. இரண்டு முதுகு.

இல்லை. வேண்டாம். முடிந்தது.

ஹாய்-ஸு தலையில் கை வைத்துக்கொண்டான். லிம் மேலங்கியின் முதல் பொத்தானைக் கழற்றினார். பிக்-ஹா எழுந்திருக்க வேண்டியவள், எழுந்திருக்கவில்லை. வயிற்றிலிருந்து இதமாக ஏதோ ஏறி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஏறி வந்தது வேறு. காது மடல் சுட்டது.

"ஏன்? அவருக்கு என்ன குறைச்சல்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

பிறைக்கட்டைக்கு ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. அவள் விடவில்லை. "முப்பத்திரண்டு வருஷம் உன் வாசலைப் பெருக்கினாரு. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. வேண்டாம்னு சொல்ல நீ யாரு?"

முன்வரிசையில் இருந்த ஆ-குய் பக்கத்தில் நின்றவளிடம், "வேணும்னாலும் திட்டுறா, வேண்டாம்னாலும் திட்டுறா" என்றாள். அப்போதுதான் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. ஹாய்-ஸு வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

இறங்கிய கற்பூர மரக்கட்டையை என்ன செய்வது என்று குழு பலமுறை கூடிப் பேசி ஒரு முடிவுக்கும் வரவில்லை. அது கோயிலின் பின்சுவரோரம் கிடக்கிறது. வெயில் தாழ்ந்ததும் சிப்பி உடைக்கும் பெண்கள் அதில்தான் உட்காருகிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த பிக்-ஹா சிப்பி சேமியாக் கஞ்சி வைத்து, வறுத்த வெங்காயம் தூவி, கிண்ணத்தைப் பலகைக்கு முன் வைத்தாள். கல்யாணப் படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டினாள். ஊதுபத்தி கொளுத்தினாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒருதரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதற்குள் வேறொன்று உறுத்தத் தொடங்கியிருந்தது. கேட்டவனைத்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும்? சிரிக்காத மனிதன் அங்கே சிரித்தான். பகல் முழுதும் அவள் முன்னால் நின்றான்.

வீட்டுக் கட்டைகளைக் கைக்குட்டையிலிருந்து எடுத்தாள்.

"நீ அவகிட்ட எதாவது கேட்டியா?"

இரண்டு முதுகு. இல்லை.

"பொய் சொல்லாத. என்ன கேட்ட?"

இரண்டு முதுகு.

அந்தக் கட்டைகள் எப்போதும் சொல்வது அதுதான் என்று அவளுக்குத் தெரியும். நாளைக் காலையில் கோயிலுக்குப் போய், அவள் கட்டையில், அவளிடமே கேட்டுவிட வேண்டும் என்று முடிவுசெய்தாள். போகும்போது துடைப்பமும் கொண்டுபோகலாம். ஒரு வருஷமாக யாரும் அங்கே ஒழுங்காகப் பெருக்குவதில்லை. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"சாப்ட்டியா?"

இல்லை.

பிக்-ஹா முக்காலியை இழுத்து மேடைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கஞ்சியில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"மெதுவாவே சாப்பிடு" என்றாள். "இனிமே அவசரமா எந்திரிச்சுப் போறதுக்கு உனக்கு வேற இடம் இல்ல."